டேபா, ஸ்பேஸா? 60 வருஷச் சண்டை முடிந்த கதை

இந்த எபிசோட்ல ஒரு சின்ன விஷயத்தோட பெரிய வரலாற்றைப் பேசப் போறோம். கோட் எழுதும்போது வரியின் ஆரம்பத்தில் எவ்வளவு இடம் விடுவது, கர்லி ப்ராக்கெட்டை எந்த வரியில் வைப்பது, ஒரு வரி எவ்வளவு நீளம் போகலாம். இதைத்தான் ஃபார்மட்டிங் என்கிறோம். கேட்க அற்ப விஷயம் மாதிரி இருக்கும். ஆனா இதுக்காக ஆபீஸ்ல பேசாம போனவங்களை நான் பார்த்திருக்கேன்.

முதல்ல என் கதையைச் சொல்லிடறேன். 2013 வாக்கில் சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தேன். கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர். ஒருநாள் என்கிட்ட ஒரு ரெவ்யூ வந்தது. 600 வரிக்கு மேல மாறியிருக்குன்னு டிஃப் காட்டுது. திறந்து பார்த்தா, எல்லா வரியும் பழைய வரி மாதிரியேதான் இருக்கு. விசாரிச்சா, எழுதின பையன் புது எடிட்டர் போட்டிருக்கான். அது ஃபைலைச் சேவ் பண்ணும்போது எல்லா டேபையும் ஸ்பேஸா மாத்திடுச்சு. "சரி, வெறும் இடைவெளிதானே" என்று நானும் ஓகே போட்டுட்டேன்.

அந்த 600 வரிக்குள்ள ஒரே ஒரு வரி நிஜமாவே மாறியிருந்தது. 1,000 ரூபாயும் அதுக்கு மேலயும் வாங்கினா தள்ளுபடி என்பது, 1,000க்கு மேல வாங்கினால் மட்டும் தள்ளுபடி என்று ஆகியிருந்தது. ஒரு குறி போச்சு, அவ்வளவுதான். சரியா 1,000 ரூபாய்க்கு வாங்கினவங்களுக்குத் தள்ளுபடி விழலை. ஒரு கடைக்காரர் போன் பண்ணித் திட்டின பிறகுதான் எங்களுக்கே தெரிஞ்சது. எழுதின பையனுக்குத்தான் திட்டு விழுந்தது. ஓகே போட்டது நான். அந்த நாளை இன்னும் மறக்கலை.

இடைவெளியை விட்டுட்டு மத்த மாற்றத்தை மட்டும் காட்டுன்னு கிட்டிடம் சொல்ல ஒரு வழி இருக்குன்னு அப்புறம்தான் கத்துக்கிட்டேன். ஆனா அது வேலை செய்யற மருந்தா, வலி தெரியாம இருக்கப் போடற ஊசியா என்று ஒரு சந்தேகம் இருந்துகிட்டே இருந்தது. வடிவத்தை யார் முடிவு பண்றது என்பதுதானே அசல் கேள்வி? அதைத் தேடிப் போனதுல கிடைத்த கதைதான் இது.

அட்டையில் இருந்த கட்டம்

ஆரம்பத்தில் இதில் மனிதருக்கு எந்தச் சாய்ஸும் இல்லை. மெஷின் சொன்னதுதான் சட்டம்.

1928ல் ஐபிஎம் 80 காலம் கொண்ட துளை அட்டையைக் கொண்டு வந்தது. 1957ல் ஐபிஎம் 704 கம்ப்யூட்டருக்காக ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டபோது, ஒரு வரி என்றால் ஓர் அட்டை. அந்த 80 காலத்திலும் எது எங்கே வரணும்னு விதி இருந்தது. முதல் காலத்தில் 'சி' என்ற எழுத்து இருந்தால் அது குறிப்பு, மெஷின் அதைக் கண்டுக்காது. 1 முதல் 5 வரை வரிக்கு எண். 6வது காலத்தில் பூஜ்யம் தவிர வேறு ஏதாவது துளை இருந்தால், முந்தைய அட்டையின் தொடர்ச்சி. 7 முதல் 72 வரைதான் நிஜமான கோட். மீதி 8 காலத்தில் அட்டைக்கு வரிசை எண் போட்டுக்கலாம். கட்டு கீழே விழுந்து சிதறிட்டா, அந்த எண்ணை வச்சு மறுபடி அடுக்கிக்கலாம்.

ஏன் 72ல் நிறுத்தினாங்க? 704ன் சொல் நீளம் 36 பிட். அட்டை படிக்கிற கருவி ஒரு வரிசையை இரண்டு சொற்களாகப் படித்தது. இரண்டு 36 சேர்ந்தா 72. ஆக, வயரிங்கில் இருந்து வந்த எண் அது. அழகு, வாசிப்பு வசதி எதுவும் அதில் இல்லை.

வேடிக்கை என்னன்னா, அந்த 7 முதல் 72க்குள்ள ஃபோர்ட்ரான் இடைவெளியைக் கண்டுக்கவே கண்டுக்காது. 'கோ டூ' என்று பிரித்து எழுதினாலும் சேர்த்து எழுதினாலும் அதுக்கு ஒண்ணுதான். எந்தக் காலத்தில் தொடங்கணும்னு மெஷின் கறாரா இருந்தது. உள்ளே படிக்க வசதியா இருக்கா என்பது மனுஷன் பாடு.

முதல் அரைவை மிஷின்

1960ல் அல்கால் 60 மொழியின் அறிக்கை வந்தது. அதில் காலக் கணக்கு கிடையாது. 'பிகின்', 'எண்ட்' என்று தொகுதியைத் திறந்து மூடலாம். எங்கே வேண்டுமானாலும் எழுதலாம். சுதந்திரம் கிடைச்சது. கூடவே ஒரு தலைவலியும் கிடைச்சது: ஒரு தொகுதிக்குள் இன்னொரு தொகுதி, அதற்குள் இன்னொன்று என்று போகும்போது, உள்ளே இருப்பதைக் கொஞ்சம் தள்ளி எழுதினாத்தான் கண்ணுக்குப் புரியும். அந்தத் தள்ளலுக்கு எந்த விதியும் மொழியில் இல்லை.

லிஸ்ப்பில் இது இன்னும் மோசம். அதில் எல்லாமே அடைப்புக்குறிதான். ஆனா லிஸ்ப்புக்கு ஒரு வசதி உண்டு. அதில் எழுதிய ப்ரோகிராமே ஒரு பட்டியல். ஒரு ப்ரோகிராம் இன்னொரு ப்ரோகிராமை டேட்டா மாதிரி வாசித்து, திரும்ப அச்சிட முடியும். அப்போ நல்ல வடிவத்தில் அச்சிடு என்று அதனிடமே சொன்னால் என்ன?

1967 வாக்கில் எம்ஐடியில் பில் காஸ்பர் இதைச் செய்தார். அவர் எழுதிய ப்ரோகிராமின் பெயர் கிரைண்ட். அரைப்பது என்றுதானே அர்த்தம்? கட்டியா, கரடுமுரடா எதைப் போட்டாலும் ஒரே பதத்துல மாவா வெளியே வரும். எந்த இடத்தில் வரியை உடைக்கலாம் என்று பல வழிகளை முயன்று, உதவாததை வெட்டிவிட்டு, நல்லதைத் தேர்ந்தெடுக்கும். 1971ல் பிரிட்டனில் ஆர். எஸ். ஸ்கோவனும் கூட்டாளிகளும் அல்கால் 60க்காக இதே மாதிரி ஒன்றைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். அதன் பெயர் சோப். குழப்பமான அல்கால் ப்ரோகிராமை எளிமையாக்கு என்ற ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகள். அரைச்சாச்சு, இப்ப சோப்பு போட்டுக் கழுவியாச்சு!

இதற்கு ஒரு உறுதியான கணக்கு கொடுத்தவர் டெரெக் ஓப்பன். 1980ல் வந்த அவருடைய கட்டுரையின் யோசனையை நான் இப்படிப் புரிஞ்சுக்கறேன். கல்யாணத்துல குரூப் போட்டோ எடுக்கறாங்க. எல்லாரும் ஒரே வரிசையில் ஃப்ரேமுக்குள் அடங்கினா பிரச்சினையே இல்லை. அடங்கலைன்னா வரிசையைப் பிரிக்கணும். எங்கே பிரிப்பீங்க? பெரியப்பா குடும்பம் ஒரு வரிசை, சித்தப்பா குடும்பம் ஒரு வரிசை. குடும்பத்துக்கு நடுவில் வெட்ட மாட்டீங்க. ஒரு குடும்பமே ஒரு வரிசையில் அடங்கலைன்னாத்தான் அதற்குள் பிரிப்பீங்க. வெளியே இருந்து உள்ளே. ஓப்பனின் முறை இதை உள்ளீட்டை ஒரே ஓட்டத்தில் படிச்சுக்கிட்டே செய்யும், நீளத்துக்கு ஏற்ற நேரத்தில்.

இப்ப ஒரு கேள்வி. 1967லேயே மெஷினால் முடிஞ்சது என்றால், 2013ல் நான் ஏன் மாட்டிக்கிட்டேன்? 46 வருஷம் நடுவில் என்ன நடந்தது?

ருசி ஆட்சிக்கு வந்தது

நடுவில் சி மொழி வந்தது.

1978ல் பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய சி மொழிப் புத்தகம் வெளிவந்தது. அதில் இருந்த கோட் வடிவத்துக்கு அவர்கள் பெயரின் முதலெழுத்தை வைத்தே கே அண்ட் ஆர் பாணி என்று பெயர். 'இஃப்' இருக்கும் வரியின் கடைசியிலேயே கர்லி ப்ராக்கெட்டைத் திறந்துவிடுவார்கள். பெர்க்லியில் எரிக் ஆல்மன் அந்த ப்ராக்கெட்டுக்குத் தனி வரி கொடுத்தார். அது ஆல்மன் பாணி. க்னூ திட்டம் ப்ராக்கெட்டையும் இரண்டு ஸ்பேஸ் உள்ளே தள்ளியது. லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலுக்கு எழுதிய பாணிக் குறிப்பில், க்னூ விதிகளை அச்சடித்து, படிக்காமலேயே கொளுத்துங்கள் என்று கிண்டலாக அறிவுரை சொன்னார். அவருடைய விதி: இன்டென்ட் என்றால் டேப், ஒரு டேப் என்றால் 8 எழுத்து அகலம். இதனால் கோட் வலது பக்கமா ஓடிப்போகுதேன்னு புலம்பறவங்களுக்கு அவர் பதில், மூணு அடுக்குக்கு மேல உள்ளே போனா ப்ரோகிராமையே திருத்துங்க என்பதுதான்.

சில நேரம் ஒருத்தரோட ருசி எல்லாருக்கும் சட்டமாகவும் ஆனது. மேக் என்ற கருவியை 1976ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினார். அதில் கட்டளை வரி டேபில்தான் தொடங்கணும், ஸ்பேஸ் போட்டா எர்ரர். முதலில் ஒரு வசதிக்காக அப்படி வைத்தார். மாற்றலாம் என்று யோசிப்பதற்குள் ஒரு டஜன் பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள். அவங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாமேன்னு விட்டுட்டதா அவரே பின்னால் சொல்லியிருக்கார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக இன்னிக்கும் உலகம் முழுக்க மேக்ஃபைலில் டேப் அடிச்சுக்கிட்டு இருக்கோம்.

அப்போ சிக்கு ஃபார்மட்டர் இல்லையா? இருந்தது. 1983ன் 4.2 பிஎஸ்டியிலேயே இன்டென்ட் என்ற கட்டளை வந்துவிட்டது. ஆனா அது எல்லாருக்கும் நல்ல பிள்ளையா இருக்கப் பார்த்தது. ப்ராக்கெட்டை எங்கே வைக்க, எத்தனை ஸ்பேஸ் விட என்று டஜன் கணக்கில் ஆப்ஷன். பின்னால் வந்த க்னூ இன்டென்டில் கே அண்ட் ஆர் பாணிக்கு ஒரு ஸ்விட்ச், க்னூ பாணிக்கு ஒரு ஸ்விட்ச். விளைவு? கோட் பற்றிய சண்டை ஆப்ஷன் பற்றிய சண்டையா மாறினது. முடியலை.

சரி, எது சிறந்ததுன்னு அறிவியல் சொல்லாதா? முயற்சி பண்ணாங்க. 1983ல் பென் ஷ்னைடர்மன் உள்ளிட்ட மேரிலாந்து பல்கலைக்கழகக் குழு, வெவ்வேறு இன்டென்ட் அளவில் அச்சிட்ட ப்ரோகிராமைப் படிக்கக் கொடுத்து, புரிதலைச் சோதித்தது. 2 முதல் 4 ஸ்பேஸ் நல்லது என்று முடிவு. 2019ல் வேறொரு குழு, கண் எங்கே போகுதுன்னு கவனிக்கும் கருவியோடு அதே மாதிரிச் சோதனையைச் செய்தது. குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆக, எந்தப் பக்கம் நின்னு சண்டை போட்டாலும் கையில் பெரிய ஆதாரம் இல்லை.

1991ல் பைத்தானை வெளியிட்ட கைடோ வான் ராசம் வேறு வழியில் போனார். தொகுதிக்கு ப்ராக்கெட்டே வேண்டாம், இன்டென்ட்தான் தொகுதி. பார்க்கிற கண்ணும் ஓட்டுகிற மெஷினும் ஒரே விஷயத்தைப் படிக்கணும் என்பது யோசனை. மீதி விஷயங்களுக்கு 2001ல் பெப் 8 என்ற பாணிக் குறிப்பு வந்தது. கோட் எழுதப்படுவதை விட அதிகமாகப் படிக்கப்படுகிறது என்ற எண்ணம்தான் அதன் அடிப்படை. நல்ல எண்ணம். ஆனா அதை அமல்படுத்த ஒருத்தர் ரெவ்யூல உட்கார்ந்து, "இங்க ஒரு ஸ்பேஸ் விடுங்க" என்று எழுதணும். அந்த ஒருத்தர் பெரும்பாலும் சீனியர். எழுதி வாங்கிக்கறவர் பெரும்பாலும் புதுசா சேர்ந்தவர்.

இரண்டு தடவை எழுதிய ஒரு வரி

இது வெறும் ருசிச் சண்டை இல்லைன்னு உலகத்துக்கே தெரிஞ்ச நாள் ஒண்ணு உண்டு. 2014 பிப்ரவரி 21. ஆப்பிள் அவசரமாக ஐஓஎஸ் 7.0.6 வெளியிட்டது. பாதுகாப்பான இணைப்பைச் சரிபார்க்கும் கோடில் ஒரு பிழை.

அந்த இடம் சியில் இருந்தது. ஒரு 'இஃப்' வரி. அதன் கீழே, உள்ளே தள்ளி, 'கோட்டூ ஃபெயில்' என்று ஒரு வரி: சோதனையில் தோற்றால் தோல்விப் பகுதிக்குப் போ. அதற்குக் கீழே, அதே அளவு உள்ளே தள்ளி, மறுபடியும் அதே வரி. கண்ணுக்கு இரண்டுமே 'இஃப்'புக்குக் கட்டுப்பட்ட மாதிரித் தெரியும். ஆனா ப்ராக்கெட் இல்லாததால் முதல் வரி மட்டும்தான் அதற்குச் சொந்தம். இரண்டாவது வரி எப்பவுமே ஓடும். அதற்குக் கீழே இருந்த முக்கியமான சோதனை ஒருநாளும் நடக்கவில்லை. பிழை எண் பூஜ்யமாகவே இருந்ததால், எல்லாம் சரி என்ற பதில் போனது. நடுவில் உட்கார்ந்து ஒருவர் உங்கள் இணைப்பை ஒட்டுக்கேட்க அது வழி திறந்துவிட்டது.

இன்டென்ட் ஒண்ணு சொன்னது, மெஷின் வேற ஒண்ணு செய்தது. ஒரு ஃபார்மட்டர் அந்த ஃபைல் மேல ஓடியிருந்தா, இரண்டாவது வரியை இழுத்து இடது பக்கம் 'இஃப்'புக்கு நேரா வைத்திருக்கும். பார்க்கிறவருக்கு உறுத்தியிருக்கும். 2016ல் வந்த ஜிசிசி 6 கம்பைலரில், ஏமாற்றும் இன்டென்டைப் பார்த்தா எச்சரிக்கும் வசதியைச் சேர்த்தார்கள். ஆப்பிளின் இந்தப் பிழை அந்த வசதிக்குப் பாடப்புத்தக உதாரணம்.

என் 1,000 ரூபாய் தள்ளுபடி நினைவுக்கு வந்தது. அங்கே இடைவெளியின் இரைச்சல் பிழையை மறைச்சது. இங்கே இடைவெளியே பொய் சொன்னது.

யாருக்கும் பிடிக்காத பாணி

திருப்பம் கூகிளில் நடந்தது. ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்ப்சன் மூவரும் 2007ல் தொடங்கிய கோ மொழி, 2009 நவம்பர் 10 அன்று வெளியானது. கூடவே கோஃபம்ட் என்ற ஃபார்மட்டரும் வந்தது. அதன் பின்னணியில் கிரீஸ்மர் இருந்தார்.

அதில் மூணு விஷயம் புதுசு. முதலாவது, பாணிக்கு ஆப்ஷனே கிடையாது. இன்டென்ட்டுக்கு டேப், அவ்வளவுதான். இரண்டாவது, மொழியோடு சேர்ந்தே வந்தது. பழைய பழக்கம் என்று ஒன்று உருவாவதற்கு முன்னாடியே வந்ததால் யாரையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது, மொழியே அதுக்கு ஒத்துழைத்தது. கோவில் வரி முடிவில் மெஷினே செமிகோலன் போட்டுக்கொள்ளும் விதத்தால், 'இஃப்'பின் கர்லி ப்ராக்கெட்டை அடுத்த வரிக்குக் கொண்டுபோனால் கம்பைலே ஆகாது. ஆல்மன் பாணி கட்சிக்காரர்களுக்கு அங்கே இடமே இல்லை.

கோஃபம்ட்டின் பாணி யாருக்குமே முதல் சாய்ஸ் இல்லை, ஆனா கோஃபம்ட் எல்லாருக்கும் பிடிக்கும் என்ற பொருளில் ராப் பைக் 2015ல் ஒரு பழமொழியே சொன்னார். இதை முதல்ல கேட்டப்ப ஜோக் என்று நினைச்சேன். இப்ப இதுதான் மொத்த வரலாற்றுக்கும் விடைன்னு நினைக்கறேன். சிறந்த பாணியைக் கண்டுபிடிச்சு யாரும் சண்டையை முடிக்கலை. முடிவு பண்ற வேலையை மனுஷங்க கையில இருந்து எடுத்ததால முடிஞ்சது.

இதில் இன்னொரு லாபமும் இருந்தது. கோ மொழி 2012ல் முதல் பதிப்பை எட்டும் வரை அடிக்கடி மாறிக்கொண்டிருந்தது. பழைய கோடைப் புது விதிக்கு மாற்ற கோஃபிக்ஸ் என்ற கருவி வைத்திருந்தார்கள். எல்லா ஃபைலும் ஏற்கெனவே ஒரே வடிவத்தில் இருந்ததால், மெஷின் திருத்தி எழுதினாலும் டிஃபில் நிஜ மாற்றம் மட்டும்தான் தெரியும். 600 வரி இரைச்சல் கிடையாது.

மற்ற மொழிகள் பின்னால் வந்தன. 2017 ஜனவரியில் ஜேம்ஸ் லாங் ஜாவாஸ்கிரிப்டுக்காக ப்ரிட்டியரை வெளியிட்டார். ஃபிலிப் வாட்லரின் அச்சிடல் முறையை அடிப்படையாகக் கொண்டது அது. நம்ம குரூப் போட்டோ கணக்கோட நெருங்கிய சொந்தம். நீங்கள் எழுதிய வடிவத்தை ஏறத்தாழ முழுசா மறந்துவிட்டு, அர்த்தத்தை மட்டும் வைத்து முதலிலிருந்து அச்சிடும். 2018ல் பைத்தானுக்கு லூகாஸ் லங்காவின் பிளாக் வந்தது. கறுப்பாக இருக்கும் வரை எந்த நிறத்திலும் கார் வாங்கலாம் என்று ஹென்றி ஃபோர்ட் சொன்னதாகச் சொல்லப்படும் கதையில் இருந்து வந்த பெயர். பெயரிலேயே கொள்கை இருக்கு.

ஒண்ணு கவனிச்சீங்களா? ப்ரிட்டியர் ஒரு வரியின் நீளத்துக்கு இன்னிக்கும் வைத்திருக்கிற இயல்பான எல்லை 80. 1928ன் அட்டை! பிளாக் 88 வைத்தது. லினக்ஸ் கெர்னலே 2020ல்தான் எச்சரிக்கை எல்லையை 100க்குத் தளர்த்தியது.

எடிட்டரில் வைத்தால் போதுமா?

2018ல் எங்க கம்பெனியிலும் இதைக் கொண்டு வந்தோம். நான்தான் பிடிவாதமா நின்னேன், காரணம் உங்களுக்குத் தெரியும். அப்போ கத்துக்கிட்டதைச் சுருக்கமா சொல்றேன்.

முதல் வாரம் எல்லாரும் விஎஸ் கோடில் ப்ரிட்டியர் எக்ஸ்டென்ஷனைப் போட்டு, சேவ் பண்ணும்போது ஃபார்மட் பண்ணு என்ற செட்டிங்கை ஆன் பண்ணோம். சரியாயிடும்னு நினைச்சோம். ஆகலை. ஒருத்தர் லேப்டாப்பில் ஒரு வெர்ஷன், இன்னொருத்தரிடம் வேற வெர்ஷன். ஒருத்தர் 4 ஸ்பேஸ் என்று தன் செட்டிங்கில் வைத்திருந்தார். ஒருத்தர் விம்மை விட்டு வரவே மாட்டார். ஒரே ஃபைல் இரண்டு பேர் கையில் மாறி மாறிப் பந்து மாதிரி ஆடியது.

அதனால விதி லேப்டாப்பில் இருக்கக் கூடாது, ரெப்போவில் இருக்கணும். ப்ரிட்டியரின் கான்ஃபிக் ஃபைல் ரெப்போவில். எந்த வெர்ஷன் என்பதும் அங்கேயே, சரியான எண்ணோடு. எந்த எடிட்டருக்கும் புரிகிற மாதிரி ஒரு எடிட்டர்கான்ஃபிக் ஃபைல்: டேபா ஸ்பேஸா, எத்தனை, வரி முடிவு எந்த வகை. விஎஸ் கோட் செட்டிங்கையும் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துவிட்டோம். திறக்கிறவருக்குத் தானா வந்துடும்.

அடுத்து, கமிட் பண்ணும்போது ஓடுகிற ஒரு ஹூக். எடிட்டரில் மறந்தவங்களை அது பிடிக்கும். ஆனா ஹூக்கைத் தாண்டிப் போக வழி இருக்கு, எல்லாருக்கும் தெரியும். அதனால் கடைசிக் காவல் சிஐ சர்வரில். அங்கே ஃபைலைத் திருத்தக் கூடாது, சரிபார்க்க மட்டும்தான். வடிவம் சரியில்லைன்னா சிவப்பு விளக்கு, மெர்ஜ் ஆகாது. மூணில் ஒண்ணை மட்டும் வைக்கணும்னா, சிஐயை வைங்க. எடிட்டர் செட்டிங் வசதிக்கு, சிஐதான் சட்டம்.

அப்புறம் பழைய கோட். எல்லாத்தையும் ஒரே கமிட்டில் மாத்தணும். வேற எந்த மாற்றமும் அதில் கலக்கக் கூடாது. திறந்திருந்த ப்ராஞ்ச் எல்லாத்தையும் மெர்ஜ் பண்ணிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் செய்தோம். ஒரே ஒரு வருத்தம், அன்னிக்கு அப்புறம் எந்த வரியை யார் எழுதினாங்கன்னு கேட்டாலும் கிட் என் பெயரைத்தான் சொன்னது. 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23 அதைத் தீர்த்தது. எந்தக் கமிட்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று ஒரு ஃபைலில் எழுதி வைக்கலாம். ஜாங்கோ திட்டம் பிளாக்குக்கு மாறுவது என்று 2019லேயே முடிவெடுத்தும், பிளாக் சோதனைக் கட்டத்தைத் தாண்டும் வரை காத்திருந்து, 2022 பிப்ரவரியில்தான் மொத்தமாக மாற்றியது. அந்தக் கமிட்டை இதே முறையில்தான் ஒதுக்கி வைத்திருக்கிறது. அவங்க பொறுமை எனக்கு ரொம்பப் பிடிச்சது.

இழந்தது என்ன?

எல்லாம் லாபம்னு சொல்லிட்டுப் போனா அது நேர்மை இல்லை.

எங்க டீம்ல ஒரு சீனியர் அக்கா இருந்தாங்க. வரி விகித அட்டவணையை கோடிலேயே கோலம் மாதிரி எழுதியிருந்தாங்க. எண்கள் எல்லாம் நேருக்கு நேரா, புள்ளிக்குக் கீழே புள்ளி. ஒரு எண் தப்பா இருந்தா தூரத்துல இருந்தே தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ப்ரிட்டியர் அதை அள்ளிச் சுருட்டிப் போட்டுடுச்சு. திங்கட்கிழமை வந்து பார்த்தவங்க, "இதைக் கேட்டுட்டுப் பண்ணியிருக்கலாமேப்பா" என்று மட்டும் சொன்னாங்க. எனக்கு அந்த ஒரு வரி கடைக்காரர் திட்டினதை விட வலிச்சது. இந்த இடத்தைத் தொடாதே என்று ப்ரிட்டியருக்குச் சொல்லும் குறிப்பைப் போட்டு, பழைய அட்டவணையை அப்படியே திரும்பக் கொண்டு வந்தோம். அந்தக் குறிப்பு எங்க ரெப்போ முழுக்கத் தேடினாலும் நாலைந்து இடத்துல கூட இருக்காது. அந்த இடங்களில் இருக்கட்டும்.

இன்னொண்ணு, இதைவிடப் பெரிசு. பார்வையற்ற டெவலப்பர்கள் பிரெய்ல் டிஸ்ப்ளேயில் கோட் படிக்கிறார்கள். ஒரு வரியில் சில டஜன் கட்டம்தான் இருக்கும். 4 ஸ்பேஸ் இன்டென்ட் 4 கட்டத்தைத் தின்னும். டேப் என்றால் ஒரே கட்டத்தில் முடியும். பார்வைக் குறைவால் எழுத்தைப் பெரிசாக்கிப் படிப்பவர்கள், டேப் என்றால் அதன் அகலத்தைத் தங்கள் எடிட்டரில் குறைச்சுக்கலாம். ஸ்பேஸ் என்றால் முடியாது. இந்தக் காரணத்தைச் சொல்லித்தான், இயல்பு நிலையை டேபுக்கு மாத்துங்கன்னு ப்ரிட்டியரிடம் கோரிக்கை வைத்தார்கள். 'டேபா ஸ்பேஸா' என்பதில் நான் கேட்ட வாதங்களிலேயே ருசியைத் தாண்டிய வாதம் இதுதான். ப்ரிட்டியரில் டேபுக்கு மாற ஒரு செட்டிங் இருக்கு. உங்க டீம்ல யாருக்காவது தேவைப்பட்டா ஒரு வரி மாற்றம், மீதியை ஃபார்மட்டர் பார்த்துக்கும்.

அட்டைக் காலத்தில் மெஷின் வசதிக்காக மனுஷன் வளைஞ்சான். அப்புறம் ஒவ்வொருத்தரும் தன் ருசிக்கு எழுதினோம், அதில் குரல் உயர்ந்தவர் ஜெயிச்சார். இப்ப மறுபடி மெஷினிடம் கொடுத்திருக்கோம், இந்தத் தடவை படிக்கிறவருக்காக.

எங்க ஆபீஸ்ல என்ன மாறினதுன்னா, ரெவ்யூல ஸ்பேஸ் பற்றிய கமென்ட் நின்னு போச்சு. புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு மூணாவது வாரமே என் கோடில், "இந்த இடத்துல சமமா இருந்தா என்ன ஆகும்?" என்று கேட்டாங்க. ஒரு குறி விட்டுப் போயிருந்தது. அவங்க பார்த்த டிஃபில் மாறியிருந்தது மொத்தம் நாலே வரி.

இந்த எபிசோட் இத்தோட முடியுது. உங்க டீம்ல இந்தச் சண்டை எப்படி முடிஞ்சது, இல்ல இன்னும் ஓடிக்கிட்டு இருக்கான்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.